ஏத்துக் கம்பி

எங்கள் கிணற்றுக் கட்டின் வடக்குப் பக்கத்தில், சீமெந்துக்குள்ளிருந்து ஒரு சாண் நீளத்துக்குச் செப்புக் கம்பி ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. நீங்கள் அதில் சவர்க்காரப் பை தொங்கவிடுவீர்கள். சின்னவள் அதைப் பிடித்துக்கொண்டு கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து அடியும் வாங்கியிருக்கிறாள். போன கிழமை பெரியவன் கேட்டான்: "ஏன் அப்பா உதை எல்லாரும் ஏத்துக் கம்பி எண்டு சொல்லினம்? உது என்னத்தை ஏத்துது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுப்படியிலிருந்து உங்கள் அம்மா என்னைவிடப் பெரிதாகச் சிரித்தாள். வாயால் சொல்லத் தொடங்கினால் அவள் நடுவில் புகுந்து கதையைத் தன் பக்கம் இழுத்துவிடுவாள். அதனால்தான் எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொண்டு படியுங்கள்.

கல்யாணம் முடிந்து உங்கள் அம்மாவின் இந்த வளவுக்கு நான் வந்த காலத்தில், சந்தியில் ஒரு சின்னக் கடை வைத்திருந்தேன். பெற்றோல்மாக்ஸ் விளக்கு, மண்ணெண்ணெய் அடுப்பு, ரோச் லைற் எல்லாம் திருத்துவேன். ஊருக்கு மின்சாரம் வரவில்லை. குருநகரிலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவரும் ஒருவர் ஒருநாள் சாக்கில் சுற்றிய ஒரு பெட்டியைக் கடை வாசலில் வைத்தார். பற்றறியில் வேலை செய்கிற பழைய றேடியோ.

"மச்சான்ரை பெட்டி. வள்ளத்திலையிருந்து விழுந்து உப்புத்தண்ணி குடிச்சிட்டுது. கதைச்சால் கதைக்கட்டும், கதைக்காட்டில் நீரே வைச்சிரும்" என்றார்.

அது கதைக்கவில்லை. உள்ளே இருந்த சுருள்கள் பச்சை பிடித்திருந்தன. ஒலிபெருக்கியின் கடதாசி அழுகிக் கரைந்திருந்தது. ஆனால் பெருவிரல் அளவான நாலு கண்ணாடி வால்வுகள் மட்டும் ஒரு கீறலும் இல்லாமல் இருந்தன. கண்ணாடிக்குள் உப்பு எப்படிப் போகும்? துடைத்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன். உள்ளே தலைமயிரிலும் மெல்லிய ஓர் இழை, அதைச் சுற்றி நெருக்கமாக ஒரு கம்பிவலை, அதற்கு வெளியே ஒரு தகடு.

வால்வு என்பது இவ்வளவுதான், பிள்ளைகள். இழை சூடாகும்போது அதிலிருந்து மின்துகள்கள் கிளம்பும். தகடு அவற்றைத் தன் பக்கம் இழுக்கும். வானத்திலிருந்து வருகிற மெல்லிய அலையை நடுவிலிருக்கும் கம்பிவலைக்குக் கொடுத்தால், அந்த ஓட்டம் அலைக்கு ஏற்றபடி கூடிக் குறையும். அதைக் காதில் பிடித்தால் பாட்டு. இழையைச் சூடாக்க ஒரு ரோச் பற்றறி போதும், ஒன்றரை வோல்ற். தகடு இழுப்பதற்கோ தொண்ணூறு வோல்ற் வேண்டும் என்று பெட்டியின் உள் மூடியில் ஒட்டியிருந்த படம் சொன்னது. அதற்கென்று செங்கட்டி அளவில் ஒரு பற்றறி வரும். அந்த நாட்களில் அது எந்தக் கடையிலும் இல்லை. கேட்டால், "கப்பலிலை வந்தால்தானே தம்பி?" என்பார்கள்.

வாசிகசாலை றேடியோவில் பாவித்துத் தளர்ந்த ஒரு செங்கட்டிப் பற்றறியைக் கேட்டு வாங்கி வந்தேன். முதல் நாளே ஒரு பிழை விட்டேன். தகட்டுக்குப் போக வேண்டிய வயர் கைதவறி இழையின் காலில் பட்டது. ஒரு சின்ன வெளிச்சம், அவ்வளவுதான். ஒரு வால்வு முடிந்தது. மிச்சம் மூன்று. அதன் பிறகு அந்தத் தொண்ணூறைக் கண்டாலே எனக்குப் பயம்.

அந்தப் பயம்தான் எனக்கு வழி காட்டியது. புதுச் சுருள் சுற்றி, இன்னொரு வால்வைப் போட்டுப் பெட்டியைக் கட்டி, கடையில் கிடந்த பழைய ஹெட்போனைத் தினமும் காதில் மாட்டிக் கேட்டு வந்தேன். பற்றறி நாளுக்கு நாள் தளர்ந்தது. சத்தமும் தளர்ந்தது. ஆனால் நிற்கவில்லை. ஒருநாள் மீற்றர் இரவல் வாங்கி அளந்து பார்த்தேன். இருபதுக்குச் சற்று மேலே. நாலில் ஒன்று! அப்போதும் கொழும்பு நிலையம் காதுக்குள் மெல்லமாகக் கதைத்துக்கொண்டிருந்தது. தொண்ணூறு வோல்ற் என்று படம் சொன்னது வீடு முழுக்கக் கேட்கப் பேசுவதற்கு. ஒரு காதுக்குள் கதைக்க அவ்வளவு தேவையில்லை என்று அன்றைக்கு விளங்கியது.

அப்படியென்றால் ரோச் பற்றறிகளை வரிசையாக அடுக்கினால் என்ன?

அதிலும் ஒரு விசயம் இருக்கிறது. ரோச்சுக்குச் செத்துப்போன பற்றறி உண்மையில் செத்துப்போவதில்லை. குமிழை எரிக்க நிறைய மின்னோட்டம் வேண்டும், அதைக் கொடுக்கத்தான் அதற்குத் தெம்பு இல்லை. வால்வின் தகடு குடிப்பதோ துளியிலும் துளி. அந்தத் துளியைக் கொடுக்கச் செத்த பற்றறிக்கும் இயலும். என் கடைக்கு ரோச் திருத்த வருகிறவர்கள் எறிந்துவிட்டுப் போனவற்றைப் பொறுக்கினேன். மூங்கிலைப் பாதியாகப் பிளந்து, அந்தத் தவாளிப்புக்குள் பன்னிரண்டை ஒன்றின் பின் ஒன்றாக அடுக்கி, சைக்கிள் ரியூப்பில் வெட்டிய இறப்பர் பட்டியால் இறுக்கினேன். மொத்தம் பதினாலு வோல்ற். சந்தியில் எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள், 'செத்த பற்றறி' என்று. "செத்த பற்றறி கடை திறந்திட்டாரோ?" என்று என் முகத்துக்கு நேரே கேட்பார்கள்.

பதினாலு வோல்ற்றில் வால்வு முதலில் சோம்பிக் கிடந்தது. வால்விலிருந்து வெளியே வருவதில் கொஞ்சத்தை மறுபடி கம்பிவலைக்கே கொடுப்பதற்கு இரண்டாவது சுருள் ஒன்று உண்டு. அதுதான் சின்னச் சத்தத்தைப் பெரிதாக்குவது. தொண்ணூறு வோல்ற்றுக்குச் சுற்றிய சுருள் பதினாலுக்குக் காணாது என்பது எனக்குத் தெரிய ஒரு மாதம் எடுத்தது. மெழுகில் தோய்த்த கடதாசிக் குழாயில் அதை மறுபடி சுற்றினேன். பத்துச் சுற்றுக் கூட்டினேன், இன்னும் பத்து, பிறகு இன்னும் ஐந்து. அந்தக் குழாய் பெரிய சுருளுக்குள் போய்வர வேண்டும். அதைத் தள்ளவும் இழுக்கவும் ஒரு தென்னம் ஈர்க்கைச் செருகினேன். ஒரு பின்னேரம் ஈர்க்கை மெல்ல உள்ளே தள்ளிக்கொண்டு போக, காதுக்குள் 'உஸ்' என்று ஒரு மூச்சு வந்தது. வால்வு உயிர் பிடித்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். நான் எழும்பிக் குதித்ததில் ஹெட்போன் வயர் அறுந்தது.

உங்கள் அம்மா எட்டிப் பார்த்து, "என்ன, செத்தது எழும்பிட்டுதோ?" என்றாள்.

அந்த நாட்களில்தான் கொழும்பிலிருந்து ஒலிப்பதிவு வான் வண்டி ஒன்று எங்கள் பள்ளிக்கூட வளவுக்கு வந்தது. கிராமத்துப் பாட்டுகள் பதிவதற்கு. வயலில் அரிவி வெட்டும்போது பாடுகிற பாட்டைப் பாடச் சொல்லி நாலைந்து பெண்களைக் கூப்பிட்டார்கள். முன்பாட்டு, பக்கத்து வளவு மாமி. பின்பாட்டு, உங்கள் அம்மா. மாமியை உங்களுக்கு நன்றாகத் தெரியும், ஆனால் உங்களுக்குத் தெரிந்தது தளர்ந்த மாமி. அந்த நாளில் அவ வேலிக்கு அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கோழி ஓடும். பாடும்போது பாதியில் ஒரு வரி மாமிக்கு மறந்துபோக, உங்கள் அம்மா அந்த வரியைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டாளாம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

சில கிழமை கழித்துப் பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் வந்தது. வருகிற வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐந்தரைக்குப் பாட்டுப் போகும் என்று.

எங்கே கேட்பது? ஊருக்குள் இருந்தது வாசிகசாலை றேடியோ ஒன்றுதான். அதற்கும் பற்றறி இல்லை. பற்றறி இருந்தாலும் பெண்கள் வாசிகசாலைக்குள் போகிற வழக்கம் அன்றைக்கு இல்லை.

அன்று சாப்பாடு போட்டுக்கொண்டே உங்கள் அம்மா கேட்டாள்: "உங்கடை பெட்டி வெள்ளிக்கிழமை கதைக்குமோ?"

அவள் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவள். "கதைக்கும்" என்றேன்.

"நிச்சயமோ? செத்த பற்றறியிலை என்ரை குரலைக் கேக்கிறதெண்டால் நானும் செத்தாப் பிறகுதானோ தெரியாது."

"கதைக்கும் எண்டு சொல்லிப்போட்டன்."

சொல்லிவிட்டேனே தவிர, பெட்டி அந்த நேரம் ஒழுங்காகக் கதைக்கவில்லை. பிடித்த நிலையம் நிற்காது. கையைக் கிட்டக் கொண்டுபோனால் கீச்சிடும், எடுத்தால் ஓடிவிடும். வானத்துக் கம்பி நல்ல கம்பி, இரண்டு பனைகளுக்கு நடுவே உயரத்தில் கட்டியிருந்தேன். பிழை நிலத்துக் கம்பியில். இந்தப் பெட்டிகளுக்கு ஒரு கம்பி மேலே போனால் இன்னொரு கம்பி நிலத்தில் இறங்க வேண்டும். அதற்கு இங்கிலீசில் 'எர்த்' என்று பெயர். நம் ஊரில் நிலம் எப்படியென்று உங்களுக்குத் தெரியும். ஒரு முழம் செம்மண், அதன் கீழே கல். அதுவும் சித்திரை வெயிலில் செம்மண் மாவாகக் கிடந்தது. இரும்புக் கோலை அடித்து, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். ஊற்றின தண்ணீர் கல்லுக்குள் இறங்கிப் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை காலை செப்புக் கம்பி ஒன்றின் நுனியில் ஒரு பழைய செப்புத் தகட்டைக் கட்டி, கிணற்றுக்குள் தண்ணீரில் இறக்கினேன். மற்ற நுனியைப் பெட்டியில் கொடுத்துவிட்டு ஈர்க்கைத் தொட்டேன். நிலையம் ஆணி அடித்ததுபோல் நின்றது. சந்தோசத்தில் கிணற்றடியில் நின்றே உங்கள் அம்மாவுக்குக் கத்தினேன்:

"இஞ்சை வாரும்! எர்த்துக் கம்பியைக் கிணத்துக்கை விட்டிட்டன்! இனிப் பாரும்!"

வேலிக்கு அந்தப் பக்கம் மாமி நின்றது எனக்குத் தெரியாது.

எங்கள் கிணறு பங்குக் கிணறு. எங்கள் வளவு, மாமியின் வளவு, சுருட்டுச் சுற்றுகிற அண்ணை ஒருவரின் வளவு, மூன்றுக்கும் பொது. குடிக்கவும் குளிக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும் அதுதான். பங்குக் கிணற்றில் பிணக்குப் பட்டவர்கள் கோர்ட்டு வரைக்கும் போயிருக்கிறார்கள். ஆள் செத்தாலும் செத்த வீட்டுக்குப் போகாமல் இருந்திருக்கிறார்கள். நான் கடையிலிருந்து மத்தியானம் வந்தபோது, கம்பியைக் கிணற்றிலிருந்து எடுத்து, வட்டமாகச் சுற்றி, வேலிக் கதியாலில் தொங்கவிட்டிருந்தது. மாமி கோயில் கிணற்றிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்துகொண்டு போனா. எங்கள் படலையைக் கடக்கும்போது முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டா.

"என்னத்தைச் செய்தனீங்கள்?" என்று உங்கள் அம்மா என்னைக் கேட்டாள். அவள் முகம் வாடிவிட்டது. பிறந்ததிலிருந்து அந்த மாமியின் மடியில் வளர்ந்தவள் அவள்.

அடுத்த நாள் காலை கிணற்றடியில் மாமியும் சுருட்டுக்கார அண்ணையும் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றார்கள்.

"தம்பி, நீர் இந்த வளவுக்கு வந்து மூண்டு வரியம்" என்று மாமி தொடங்கினா. "நாங்கள் மூண்டு தலைமுறையா இந்தத் தண்ணி குடிக்கிறம். உதுக்கை கரண்ட் ஏத்த உமக்கு ஆர் சொன்னது?"

"ஆர் மாமி கரண்ட் ஏத்தினது?"

"நீர்தானே காணும் ஊருக்கே கேக்கக் கத்தினீர், ஏத்துக் கம்பியைக் கிணத்துக்கை விட்டிட்டன் எண்டு!"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நாங்கள் மூட்டை ஏத்துவோம், தண்ணி ஏத்துவோம், கார் பற்றறிக்குச் சார்ஜ் ஏத்துவோம். நான் 'எர்த்து' என்று கத்தியது வேலியைத் தாண்டி 'ஏத்து' என்று போயிருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த இடத்தில் சிரித்திருக்கக் கூடாது.

"சிரிக்கிறார் பார்!"

"இல்லை மாமி. அது ஏத்து இல்லை, எர்த். இங்கிலீசிலை நிலம் எண்டு அர்த்தம். நிலத்தோடை தொடுக்கிற கம்பி."

"நிலத்தோடை தொடுக்கிறதெண்டால் நிலத்திலை தொடும். கிணத்துக்கை ஏன்?"

அதற்குள் சுருட்டுக்கார அண்ணை முன்னுக்கு வந்தார்.

"றேடியோவைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டாம், தம்பி. வாசிகசாலைப் பெட்டியைத் தூசு தட்டப் போய் ஒருக்கா எனக்கு அடிச்சது. கை விசுக்கெண்டு வந்து என்ரை கன்னத்திலேயே விழுந்தது. என்னை நானே அறைஞ்சன். மனிசிக்கு இண்டைவரைக்கும் சொல்லேல்லை, தன்ரை வேலை மிச்சம் எண்டு சந்தோசப்படுவா."

அவர் சொன்னது பொய்யில்லை. தொண்ணூறு வோல்ற் அடிக்கத்தான் செய்யும். அவர்களுடைய பயம் நியாயமான பயம். எனக்கோ அதில்தான் நம்பிக்கை வந்தது, ஏனென்றால் என்னிடம் அந்தத் தொண்ணூறு இல்லை. வீட்டுக்குள் ஓடிப்போய்ப் பெட்டியையும் மூங்கிலையும் ஒரு பலகையில் வைத்துத் தூக்கிவந்து கிணற்றுக் கட்டில் வைத்தேன். விரல்களைத் தண்ணீரில் நனைத்து, மூங்கிலின் இரண்டு நுனி வயர்களையும் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பாருங்கோ. இந்தப் பெட்டிக்குள்ளை இருக்கிற முழுக் கரண்டும் இப்ப என்ரை கையிலைதான்."

அண்ணைக்கு நம்பிக்கை இல்லை. "உமக்குப் பழகியிருக்கும். இஞ்சை தாரும்" என்று வலது கையை நீட்டினார். நீட்டிய கையின் மணிக்கட்டை இடது கையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார், இந்த முறை கன்னத்தைக் காப்பாற்ற வேண்டுமே! கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"போட்டிட்டீரோ?"

"போட்டுத்தான் நிக்குது, அண்ணை."

ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். "அப்ப இது செத்த பற்றறிதான்" என்றார். உங்கள் அம்மா சிரித்தாள். மாமி சிரிக்கவில்லை.

"அடிக்காத கரண்ட் எப்பிடிக் கதைக்கும்?" என்று கேட்டா.

நல்ல கேள்வி. அதைப்போல ஒரு கேள்வியை எனக்கு அதற்குப் பிறகும் யாரும் கேட்கவில்லை. "கதைக்கப் பெலன் தேவையில்லை மாமி, கேக்கிற காது கிட்ட இருந்தால் காணும்" என்றேன். மாமி அசையவில்லை. "இண்டைக்கு அடிக்காது. நாளைக்கு? ஏத்த ஏத்தச் சேர்ந்துகொண்டு போனால்?"

நான் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் உங்கள் அம்மா வேலியிலிருந்த கம்பியை எடுத்துக் கொண்டுவந்து தானே கிணற்றுக்குள் இறக்கினாள். "பெட்டியைப் போடுங்கோ" என்றாள். போட்டேன். துலாக் கயிற்றைப் பிடித்து ஒரு வாளி அள்ளினாள். இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தாள். மிச்சத்தை அப்படியே, கட்டின சேலையோடு, தன் தலையில் ஊற்றினாள்.

நீர் சொட்டச் சொட்ட நின்றுகொண்டு, "மாமி, அதிலை வாறது உங்கடை பாட்டு. உங்கடை பாட்டை நீங்களே மறிச்சுக்கொண்டு நிக்கிறியள்" என்றாள்.

மாமி என் பக்கம் திரும்பினா.

"வெள்ளிக்கிழமை மட்டும். சனி விடியக் கம்பி கிணத்தை விட்டு வெளியிலை வந்திடோணும். பாட்டுக் கேக்கேல்லையெண்டால் உந்தப் பெட்டியும் கிணத்துக்கைதான்."

வெள்ளிக்கிழமை நாலரைக்கே முற்றம் நிறைந்துவிட்டது. பாடிய பெண்கள், அவர்களுடைய அக்கா தங்கைகள், வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்ற ஆண்கள். பெட்டியில் ஒலிபெருக்கி கிடையாது, ஹெட்போன் ஒரு சோடிதான். இத்தனை பேருக்கு எப்படிக் கேட்பது? அதற்கும் ஒரு வழி வைத்திருந்தேன். ஹெட்போனின் இரண்டு காதையும் பிரித்து, ஒன்றை எனக்கு வைத்துக்கொண்டு, மற்றதை வெறும் பித்தளைக் குடத்துக்குள் இறக்க வேண்டும். குடம் சத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும். எங்கள் குடத்தை எடுத்தேன். மாமி பார்த்துவிட்டா.

"உது நெளிஞ்ச குடம். என்ரை பாட்டு உதுக்கை வரப்படாது. பிள்ளை, போய் எங்கடை பெரிய குடத்தை எடுத்துக்கொண்டு வா."

மாமியின் குடம் வந்தது. எல்லோரும் அதைச் சுற்றிக் குந்தினார்கள். யாரும் அசையக் கூடாது என்று சொல்லியிருந்தேன். அசைந்தால் நிலையம் நகரும். சுருட்டுக்கார அண்ணை மூச்சையும் அடக்கிக்கொண்டு முகம் சிவந்து நின்றார்.

ஐந்தேகால். கொழும்பு நிலையம் தெளிவாக நின்றது, குடத்துக்குள் யாரோ எறும்பு அளவில் இருந்து கதைப்பதுபோல. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஐந்து இருபத்தைந்து. சத்தம் மெல்ல இறங்கத் தொடங்கியது. ஈர்க்கை உள்ளே தள்ளினேன். கொஞ்சம் ஏறியது, மறுபடி இறங்கியது. இன்னும் தள்ளினேன். அதற்கு மேல் போக இடமில்லை. காதில் இருந்த அந்த 'உஸ்' மூச்சு நின்றுவிட்டது.

எனக்கு விளங்கிவிட்டது. மூன்று நாளாகப் பரீட்சித்துப் பரீட்சித்து, செத்த பற்றறிகளை நான் உண்மையாகவே சாகடித்துவிட்டேன். தகட்டுக்கு இழுவை காணாது. உங்கள் அம்மா என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள்.

"என்ன காணும்?" என்றா மாமி.

"பற்றறி காணாது மாமி. இன்னும் நாலைஞ்சு இருந்தால்…"

"என்ன பற்றறி? ரோச் பற்றறிதானே?" மாமி எழும்பி வேலிப் பொட்டால் புகுந்து ஓடினா. அந்த வயதில் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. திரும்பி வரும்போது கையில் மூன்று பற்றறி ரோச் ஒன்று. வரும் வழியிலேயே அதன் பின்மூடியைத் திருகிக் கழற்றிவிட்டா. அண்ணை இடுப்பில் செருகியிருந்த தன் சின்ன ரோச்சை எடுத்து நீட்டினார். மொத்தம் ஐந்து. மூங்கிலுக்குள் இடமில்லை. ஒரு கடதாசியில் சுருட்டி, அண்ணை சுருட்டுச் சுற்றுகிற கைவாக்கில் இறுக்கிச் சுற்றித் தந்தார். நான் ஒரு நுனியைத் தொடுத்தேன்.

"ஏத்தும் தம்பி, ஏத்தும்!" என்றா மாமி.

மற்ற நுனியைத் தொடுத்தேன். பெட்டி கீச்சென்று கத்தியது. அப்படிக் கத்தினால் தெம்பு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். என் வாழ்க்கையில் அதைவிட இனிமையான ஒரு கத்தலை நான் கேட்கவில்லை. ஈர்க்கை அரை விரல் வெளியே இழுத்தேன். குடத்துக்குள்ளிருந்து ஓர் ஆண் குரல், தெளிவாக, எங்கள் ஊரின் பெயரைச் சொன்னது.

"ஊர்ப் பேரைச் சொல்லிப்போட்டான்!" என்றா மாமி. கொஞ்சம் பொறுத்து, "எங்கடை பேரைச் சொல்லேல்லை, கரிமுகன்."

பாட்டு எழும்பியது. முன்பாட்டு ஒரு குரல், பின்னால் நாலு குரல். முற்றத்தில் ஒருவரும் அசையவில்லை. மாமி நெற்றியைச் சுருக்கினா.

"உவள் ஆர்? தொண்டை கட்டின கோழி மாதிரி?"

"நீங்கள்தான் மாமி" என்றாள் உங்கள் அம்மா.

"விசர்க் கதை கதையாதை. என்ரை குரல் எனக்குத் தெரியாதோ?"

அப்போது அந்த இடம் வந்தது. முன்பாட்டுக் குரல் ஒரு வரியை எடுத்து, பாதியில் விழுங்கியது. ஒரு கணம் ஒன்றுமில்லை. அடுத்த கணம் பின்பாட்டிலிருந்து ஓர் இளங்குரல் பாய்ந்து முன்னுக்கு வந்து, அந்த வரியைப் பிடித்து, கொண்டுபோய் இறக்கி வைத்தது. மாமி குடத்தை விட்டு நிமிர்ந்தா.

"ஓம்" என்றா. "நான்தான். உந்த இடத்திலைதான் நான் விழுங்கினனான். இவள்தான் பிடிச்சவள்."

உங்கள் அம்மா குடத்துக்குள் தலையை விடாத குறையாகக் குனிந்திருந்தாள். அவளுடைய முகம் எனக்குத் தெரியவில்லை. காது மட்டும் தெரிந்தது. பாட்டு முடிந்து வேறு ஊர்ப் பாட்டு வந்த பிறகும் அப்படியே இருந்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்து, சின்னப் பிள்ளையைப்போலக் கேட்டாள்:

"இன்னொருக்காப் போடுங்கோவன்?"

இது இசைத்தட்டு இல்லை, கொழும்பில் போட்டால்தான் வரும் என்று நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே, மாமி குடத்தைத் தன் பக்கம் இழுத்தா. "இப்ப சரியாப் பாடுறன், கொழும்புக்குக் கேக்கட்டும்" என்று, குடத்தின் வாய்க்குள் குனிந்து முதல் வரியை எடுத்தா. பெண்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். இந்த முறை மாமி ஒரு வரியும் விழுங்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற ஆண்கள் கைதட்டினார்கள். சத்தம் கொழும்புக்குப் போகாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இன்றைக்கும் சொல்லவில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம்.

சனிக்கிழமை விடிய, சொன்ன சொல்லைக் காப்பாற்றக் கிணற்றடிக்குப் போனேன். கம்பியில் கை வைத்தேன். மாமி துலாவில் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தா. கோயில் கிணற்றுக்குப் போகவில்லை.

"ஆர் உம்மைக் கழட்டச் சொன்னது?" என்றா.

"நீங்கள்தானே மாமி சொன்னனீங்கள், சனி விடிய எண்டு."

"அது கேக்கேல்லையெண்டால். கையை எடும்."

அடுத்த வருசம் கிணற்றுக் கட்டுக்குச் சீமெந்து பூசினபோது, மேசன் அந்தக் கம்பியை வெட்டி எறியப் பார்த்தான். மாமி கதிரை போட்டுப் பக்கத்தில் இருந்து, கம்பியைச் சுற்றிச் சீமெந்து வைப்பித்தா. பிறகு ஊருக்கு மின்சாரம் வந்தது. கையடக்கமான றேடியோக்கள் வந்தன. பெட்டிக்கும் வேலை இல்லாமல் போனது. எர்த் என்றுதான் சொல்ல வேண்டும் என்று நான் இரண்டு மூன்று தரம் மாமிக்குத் திருத்திப் பார்த்தேன்.

"அண்டைக்கு நான் ஏத்தும் எண்டு சொன்னாப் பிறகுதானே காணும் உம்மடை பெட்டி கதைச்சது?" என்றா.

அதற்குப் பிறகு நானும் ஏத்துக் கம்பி என்றுதான் சொல்கிறேன்.